தேரிக்காடு இன்னமும் அப்படியே கெடக்கா?

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சுட்டுத்தான் எழுத உக்காந்தேன். மஸ்கட்ல வேலை, சின்னப்பிள்ளையா இருக்கும்போது பங்குனி உத்திரத்துக்கு ஆச்சி கையைப் புடிச்சுக்கிட்டு தூத்துக்குடி மாவட்டத்துல காயாமொழி பக்கத்து தேரியை (செவப்பு மணல்மேட்டுக் காட்டை) தாண்டி சாஸ்தா கோயிலுக்கு நடந்து போயிருக்கீங்க, இந்த லீவுக்கு பிள்ளைகளையும் கூட்டிட்டு வந்து காட்டணும்னு ஆசை, ஆனா யூடியூப்ல பாத்தா ஒருத்தன் ஜீப் ஓட்டுதான், ஒருத்தன் ட்ரோன் விடுதான், ஒரு ஜோடி கல்யாண போட்டோ எடுக்கு, "கூட்டம் வந்து தேரி கெட்டுப்போச்சா, நம்பி வந்தா ஏமாந்துருவேனா"ன்னு கேட்டிருக்கீங்க. கேள்வி டூரிஸ்ட் பத்தி இருந்தாலும், நீங்க விட்டுட்டுப் போன அந்த செவப்பு மணல்மேடு அதே எடத்துல நிக்குமாங்கிறதுதான் உங்க மனசுல உள்ளது. நிக்காது. அது நிக்காததுக்கு ரீல்ஸ் எடுக்கிறவன் ரொம்பச் சின்ன காரணம், பெரிய காரணம் எல்லாம் வேற எடத்துல இருக்கு, அதைச் சொன்னா நீங்க வரலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கிடலாம்.

நான் ஜியாலஜி படிச்சவன். படிச்சு முடிச்சதுல இருந்து பொழப்பு நிலத்தடி தண்ணிதான், போர் போட பாயிண்ட் பாத்துக் குடுக்கிறது, ரெசிஸ்டிவிட்டி மீட்டரை (மண்ணுக்குள்ள கரண்ட் விட்டு தண்ணி இருக்கான்னு பாக்கிற கருவி) தூக்கிட்டு திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி, நாசரேத், சாயர்புரம்னு தேரியோட ஓரம் பூராம் சுத்தினவன். அதனால மண்ணு, காத்து, தண்ணி இந்த மூணையும் தைரியமா சொல்லுவேன். பறவை, பூச்சி, கோயில் வரலாறு எல்லாம் நம்ம ஏரியா இல்ல, அதுல என் பேச்சைப் புடிச்சுக்கிட்டு யார்கிட்டயும் வாதாடாதீங்க.

மொதல்ல ஒண்ணு, வீடியோக்காரங்க "தமிழ்நாட்டின் பாலைவனம்"னு தலைப்பு வச்சுருதாங்க, அது பாலைவனமே கிடையாது. பாலைவனம்னா வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் மழைக்குக் கீழன்னு ஒரு பொதுக்கணக்கு, நம்ம பக்கம் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான் இருக்குன்னாலும், வருஷம் முழுக்கச் சேத்தா அதுக்கு ரெட்டிப்புக்கு மேல பெய்யுது. 2023 டிசம்பர்ல தேரியில இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதை எந்தப் பாலைவனத்துல பாக்க முடியும். இங்க மணல் கெடக்கிறதுக்கு காரணம் காத்து. வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் மேகாத்து (மேற்க இருந்து வர்ற காத்து) மலையில முட்டி குத்தாலத்துலயும் பாபநாசத்துலயும் ஈரத்தை எல்லாம் எறக்கி வச்சுட்டு, ஆரல்வாய்மொழி கணவாய் வழியாவும் மலை இடுக்கு வழியாவும் காஞ்சு போயி கெழக்கே பாயும். குத்தாலத்துல நீங்க சாரல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கிற அதே வாரம் தேரியில உச்சியில நின்னா கண்ணைத் தொறக்க முடியாது, மணல் முழங்கால் உயரத்துக்கு ஓடும். ரெண்டும் ஒரே காத்துதான். பணகுடி, ராதாபுரம் பக்கம் வரிசையா காத்தாடி சுத்துதே, அதைச் சுத்துறதும் அதுவேதான்.

செவப்புக்குக் காரணம் இரும்பு. ஒவ்வொரு மணல்பரலும் உள்ளுக்குள்ள வெறும் குவார்ட்ஸ், மேல மட்டும் இரும்பு ஆக்சைடு ஒரு தோலு கணக்கா படிஞ்சிருக்கு. காத்தடிச்சு முடிஞ்ச மறுநா போனா மணலுக்கு மேல கறுப்பு கறுப்பா கோடு போட்டுக் கெடக்கும், அழுக்குன்னு நினைக்காதீங்க, அது இல்மனைட் மாதிரி கனமான தாது, லேசான மணலை காத்து அள்ளிட்டுப் போனப்புறம் கனமானது மட்டும் தங்கிருது. டைட்டானியம் அதுல இருந்துதான் எடுக்காங்க. 2007ல சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் டை ஆக்சைடு தொழிற்சாலைக்கு அரசாங்கமும் ஒரு பெரிய கம்பெனியும் ஒப்பந்தம் போட்டு, நிலம் தரமாட்டோம்னு சனங்க எதிர்த்து நின்னு அந்தத் திட்டம் நின்னுபோனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது வந்திருந்தா நீங்க இந்தக் கேள்வியே வேற மாதிரி கேட்டிருப்பீங்க.

இதுவரைக்கும் சொன்னதுல சந்தேகம் இல்ல. சந்தேகம் உள்ளது, இவ்வளவு மணல் எங்கன இருந்து வந்துச்சுங்கிறது. ஒரு கட்சி சொல்லும், மேற்க உள்ள செம்மண் சமவெளியை இந்த மேகாத்து சலிச்சுச் சலிச்சு கெழக்க கொண்டாந்து குவிச்சுதுன்னு. இன்னொரு கட்சி, பனியுகத்துல கடல் ரொம்பக் கீழ எறங்கி இருந்தப்ப வெளிய தெரிஞ்ச கடலடி மணல்தான் மூலம், அது கரைக்கு வந்து, அப்புறம் இங்கனயே கெடந்து செவந்துச்சுன்னு. நான் குழி வெட்டிப் பாத்த மட்டுல கடலோரத்து தேரிக்கும் உள்ள தள்ளி இருக்கிற தேரிக்கும் மண்ணு ஒண்ணு போல இல்ல, அதனால ரெண்டு கட்சியிலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கும்னு தோணுது, இது என் அபிப்பிராயம் மட்டும்தான். வயசு எப்படிப் பாத்தாலும் பல ஆயிரம் வருஷம். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்து தேரியில நகத்தளவுக்கு கல்லுக்கருவிகள் கெடைச்சு, 1956லயே ஸாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதைப்பத்தி விரிவா எழுதியிருக்காங்க. அதனால மனுசன் இங்க புதுசா வந்து தேரியை மாத்திட்டான்னு சொல்ல முடியாது, அவன் ரொம்ப காலமா இங்கனதான் இருக்கான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன். நீங்க அழகுன்னு நினைச்சு வச்சிருக்கீங்கள்ல, ஒரு செடி இல்லாம அலையலையா கெடக்கிற வெறும் மணல், அது ஊர்க்காரனுக்கு அழகு இல்ல, பயம். வெறும் மணல் நடக்கும். வருஷா வருஷம் ஆடிக்காத்துல கெழக்க நவந்து கெணத்தை மூடும், தோட்டத்தை மூடும், வீட்டுச் சுவத்துல ஏறும். அதனாலதான் வெள்ளைக்காரன் காலத்துலேயே இதைக் காடாக்கி மணலைக் கட்டணும்னு ஆரம்பிச்சாங்க, பனை விதைச்சாங்க, உடைங்கிற முள்மரம் வச்சாங்க, பின்னால கொல்லாமரம் வச்சாங்க (வடக்க உள்ளவங்க முந்திரிம்பாங்க), குதிரைமொழி தேரி ரிசர்வ் ஃபாரஸ்ட் ஆனதுக்குப் பின்னாடி இந்தக் கதைதான் இருக்கு. ஃபாரஸ்ட்காரன் ஒரு பக்கம், சொந்த நிலத்துல ஓலையால வேலி கட்டி பனங்கொட்டை போட்ட சம்சாரி (விவசாயி) ஒரு பக்கம், தலைமுறை தலைமுறையா நடந்த வேலை அது. உங்க ஆச்சி உங்களைக் கூட்டிட்டுப் போன காலத்துலயே பாதிக்கு மேல மணலு கட்டுப்பட்டாச்சு, நீங்க பாத்தது மிச்சம் நவந்துகிட்டிருந்த மேடு. இப்ப அந்த மேட்டுலயும் பல எடத்துல உடையும் புல்லும் ஏறிருச்சு. அதனால நீங்க வந்து நின்னு "எங்க மணலைக் காணோம், ஒரே முள்ளுக்காடா கெடக்கு"ன்னு சொன்னீங்கன்னா, எங்க பெரியவங்க அதைத்தான் ஜெயிச்சதுன்னு சொல்லுவாங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்தைப் பாத்துட்டு எதிரெதிரா பேசுவீங்க, ரெண்டும் பொய்யில்ல.

சரி, அப்ப கெட்டது எது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் தண்ணிதான் மொத கணக்கு. தேரி மணல் மழையை வழியவிடாது, விழுந்த எடத்துலயே குடிச்சுரும், குடிச்ச தண்ணி கீழ எறங்கி மெதுவா ஓரத்துக்கு வந்து சுனையா கசியும். மேலப்புதுக்குடியில அருஞ்சுனை காத்த அய்யனார்னு சாமிக்குப் பேரே சுனையை வச்சுத்தான், செவந்த மணலுக்கு நடுவுல நல்ல தண்ணி கெடச்சா அங்கன சாமி இருக்காம இருக்குமா. புத்தன்தருவை, வைரவம்தருவைன்னு தேரியோரத்துல பெரிய தருவைக எல்லாம் நல்ல மழை வருஷத்துல மட்டும் நெறையுற ஏரிகதான். கரண்டும் போரும் வந்ததும் என்ன ஆச்சுன்னா, பனையும் உடையும் நின்ன தேரியோரத்துல வாழை, முருங்கை, தென்னைன்னு போக ஆரம்பிச்சுட்டு, சம்பாத்தியம் வந்துச்சு, அதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன், நானே எத்தனையோ பேருக்கு பாயிண்ட் வச்சுக் குடுத்திருக்கேன். ஆனா கடலோரத்துல நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகிட்டுத்தான் இருக்கும், கணக்கு என்னன்னா கடல்மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நின்னா, கீழ நாப்பது அடி வரைக்கும் உப்பைத் தள்ளி வச்சிருக்கும். நீங்க உறிஞ்சி மேல ஒரு அடியைக் கொறைச்சா கீழ இருந்து உப்பு நாப்பது அடி ஏறப்பாக்கும். உடன்குடி பக்கம் கடல்நீர் உள்ள ஏறினது இப்படித்தான், நல்ல தண்ணி எறைச்ச கெணறு உப்பாகி தென்னை தலை சூம்பிப்போன தோட்டங்களை நீங்க ரோட்டுல இருந்தே பாக்கலாம். இதுக்கு மருந்தா வந்த பெரிய திட்டம் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பு, வெள்ளங்குழி பக்கம் கன்னடியன் கால்வாயில இருந்து ஆத்து வெள்ளத்தை 75 கிலோமீட்டர் கொண்டாந்து சாத்தான்குளம் பக்கத்து எம்.எல்.தேரியில விடுறது, 2009ல ஆரம்பிச்சு 2025ல தண்ணி விட்டாங்க. தேரி மாதிரி தண்ணியைக் குடிக்கிற மண்ணுல வெள்ளத்தை விடுறது தொழில்முறையா சரியான யோசனை. ஆனா அது வெள்ளம் வந்தாத்தான், ஒவ்வொரு வருஷமும் கால்வாயில தண்ணி ஓடும்னு நினைச்சு இப்பவே புது போர் போடுதாங்க, அதைப் பாத்தாத்தான் எனக்குக் கவலையா இருக்கு.

அப்புறம் நீங்க ஏர்போர்ட்ல எறங்கி திருச்செந்தூர் ரோட்டுல வரும்போதே தெரியும், ஊரே வேற ஊரு. உடன்குடிக்கு கெழக்க கல்லாமொழி கடற்கரையில 660 மெகாவாட் ரெண்டு யூனிட்னு அனல்மின் நிலையம், குலசேகரன்பட்டினத்துல இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல பிரதமர் அடிக்கல் நாட்டியாச்சு. ஏன் குலசைன்னா, ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெக்க விட்டா ராக்கெட் இலங்கைக்கு மேல போயிரக்கூடாதுன்னு சுத்தி வளைச்சுப் போகணும், எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது, இங்கன இருந்து நேரா தெக்க விடலாம், முன்னால வெறும் கடலு. நியாயமான காரணம்தான். ஆனா அந்த அறிவிப்பு வந்ததுல இருந்து தேரியோரத்துல பத்து பனை நின்ன மேட்டை எல்லாம் கல்லு ஊண்டி பிளாட்டுன்னு விக்காங்க. பனையை வெட்டினா மணலு எந்திரிக்குமேன்னு கேட்டா, வாங்கினவன் சென்னையில இருக்கான். பனை போறதுல வேற ஒரு விஷயமும் இருக்கு, ஏற ஆள் இல்ல. உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, விலையும் இருக்கு, ஆனா பனையேறி மகன் பனை ஏறல, வேற வேலைக்குப் போயிட்டான், நல்லது, அந்த வேலையோட கஷ்டம் தெரிஞ்சவன் யாரும் அவனைக் கொறை சொல்லமாட்டான். சீசன்ல விடிலியில (பனையேறிக குடிசையில) பதனி காய்ச்சுற வாசம் முந்தி தேரிக்கு வழி காட்டும், இப்ப தேடிப் போகணும்.

இவ்வளவுக்கும் பொறவுதான் டூரிஸ்ட். சுத்திப் பாக்க வாரவங்களால என்ன கேடுன்னு கேட்டா, ரெண்டு. ஒண்ணு குப்பை, அதுல வெளியூர்க்காரனை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, பங்குனி உத்திரம் முடிஞ்ச மறுநா சாஸ்தா கோயில்களைச் சுத்திக் கெடக்கிற பாலிதீன் தட்டும் தண்ணி பாட்டிலும் நம்ம குடும்பங்க போட்டதுதான், ஒரு காத்துக்கு அம்புட்டும் உடைமுள்ளுல போயி தொங்கும். ரெண்டாவது வண்டி. மழை பெஞ்சு காஞ்ச தேரி மேல மெல்லிசா ஒரு பொருக்கு கட்டும், அதுதான் மணலைப் புடிச்சு வைக்கிறது, அதுக்கு மேலதான் புல்லு மொளைக்கும். டயரு ஒருதடவை அதை ஒடைச்சா அடுத்த மேகாத்துல அந்தத் தடம் வழியா மணலு கெளம்பும். கால்நடையா போறவனால இந்த அளவு வராது. நாலு பேரு ஜீப்ல மேடு ஏறி எறங்குற வீடியோ பாக்க ஜோரா இருக்கும், அந்தத் தடம் ஆறு மாசம் கழிச்சு ஓடை மாதிரி குழிஞ்சு கெடக்கும்.

இதை விட்டுட்டு ஜெய்சல்மேர் போயிரலாமான்னும் கடைசியில ஒரு வரி போட்டிருக்கீங்க. போங்க, நல்ல ஊருதான், ஆனா மாறாத பாலைவனத்தைப் பாக்கணும்னு போகாதீங்க. அங்க கோட்டை 1156ல கட்டினது, இன்னைக்கும் உள்ள குடும்பங்க குடியிருக்கு, அந்தக் காலத்துல தலையில சொமந்து வந்த குடம் தண்ணிக்குக் கட்டின வாறுகாலுல இன்னைக்கு ஓட்டல் பாத்ரூம் தண்ணி பூராம் போகுது, அது மலையடி மண்ணுல கசிஞ்சு எறங்கி கோட்டைக் கொத்தளமே சரிஞ்சிருக்கு. கோட்டைக்கு வெளிய இந்திரா காந்தி கால்வாய் வந்து வெறும் மணலா கெடந்த எடத்துல வெள்ளாமை நடக்கு. எல்லாரும் ஒட்டகம் ஏறப்போற சாம் மணல்மேட்டுல கூடாரம் கூடாரமா இருக்கு. நீங்க இருக்கிற பக்கத்துலயே பாருங்க, துபாய்ல 225 சதுர கிலோமீட்டருக்கு வேலி போட்டு, வண்டி போற வழியைக் கட்டுப்படுத்தித்தான் பாலைவனத்தைக் காப்பாத்தி வச்சிருக்காங்க. அவங்களுக்கு மணல் கொறைச்சலா என்ன, ஆனாலும் வேலி போடவேண்டியதாயிருக்கு. நம்ம தேரி அதோட ஒப்பிட்டா சின்னத் துண்டு.

வாறதா இருந்தா ஒண்ணு ரெண்டு சொல்லிருதேன். கூட்டமில்லாம, பச்சையும் செவப்பும் சேந்து பாக்கணும்னா தையில வாங்க, மழைக்குப் பொறவு மணலு இறுகி பிள்ளைகளுக்கு நடக்கவும் லேசு. மணலு நடக்கிறதைப் பாக்கணும்னா ஆனி ஆடி, ஆனா மூக்கு வாயைத் துணியால கட்டணும், சின்னப்பிள்ளைக்கு ஆகாது. சித்திரை வைகாசி மத்தியானம் வேண்டவே வேண்டாம், மேல்மணலு அறுபது டிகிரியைத் தாண்டும், செருப்பு போட்டும் பொசுக்கும். கூட்டத்தோட பாக்கணும்னா பங்குனி உத்திரம், இல்லன்னா டிசம்பர் மத்தியில கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டு, தேரியில வச்சு இளநியை வெட்டினதும் சனம் பாஞ்சு மண்ணை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகும், நீங்க சின்னதுல பாத்தது மாறாம இருக்குன்னா எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். கோயிலுக்குப் போற பாதை வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, அதை விட்டு உள்ள மேட்டுக்குப் போறதா இருந்தா திருச்செந்தூர் ஃபாரஸ்ட் ரேஞ்ச் ஆபீஸ்ல கேட்டுட்டுப் போங்க, ரிசர்வ் ஃபாரஸ்ட்ல அனுமதியில்லாம நுழையுறது 1882 சட்டத்துல இருந்தே குத்தம், ட்ரோனுக்குக் கேக்கவே வேண்டாம். வண்டியை தார் ரோட்டோட நிப்பாட்டிருங்க. மேலப்புதுக்குடிக்குப் போனா சுனையைக் கட்டாயம் காட்டுங்க. பிள்ளைக கையில பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு குடுத்து அந்தக் கறுப்புக் கோட்டுல வச்சு எடுக்கச் சொல்லுங்க, கறுப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும், ஒரு மணி நேரத்துக்கு உங்ககிட்ட போனைக் கேக்கமாட்டாங்க. எந்த மாசம் வாரீங்கன்னு கீழ போடுங்க, அந்த வருஷத்து மழையைப் பாத்துட்டு தருவையில தண்ணி கெடக்கா இல்லையான்னு சொல்லுதேன், கெடந்தா திரும்புற வழியில அதையும் பாத்துட்டுப் போயிரலாம்.